வேலிக்கும் சட்டம் உண்டோ?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் சட்டத்துறையினரும் கூடியிருந்த பொதுக்கூட்டமொன்றில், இந்தியாவின் புதிய குற்றவியற் சட்டங்களைப் பற்றி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



தோட்டஞ் செய்பவன் பயிரைக் காக்க வேலி அடைக்கின்றான். அயலவன் மாடு வேலியைப் பிரித்து உள்ளே புகுந்தால் அவனுக்கு வழி தெரியும். மாட்டைப் பிடித்துக் கட்டலாம், நட்டங் கேட்கலாம், வழக்கும் வைக்கலாம். ஆனால் வேலியே பயிரை மேயத் தொடங்கினால் அவன் யாரிடம் போவான்? சமுதாயத்துக்கு இரண்டு வேலிகள் உண்டு. ஒன்று, நாட்டைக் காக்கவென நாம் சம்பளங் கொடுத்து வைத்திருக்கும் அரசாங்க உத்தியோகத்தர். மற்றொன்று, ஒரு பெண்ணின் வாழ்வைக் காப்பேன் என்று சபையறியத் தாலி கட்டிய கணவன். இவ்விரு வேலிகளும் பயிரை மேயுமிடத்துச் சட்டம் யாது செய்யும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே இந்தியாவின் புதிய சட்டங்களை இன்று பார்க்கப் போகின்றேன்.

இந்தியச் சட்டத்தைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 1860 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையை முன்மாதிரியாகக் கொண்டே, 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவை வகுக்கப்பட்டது. இரண்டும் ஒரே பட்டடையில் அடித்த இரும்பு. அன்றியும், நம்மவர் பல்லாயிரவர் தமிழ்நாட்டில், முகாம்களிலும் வெளியிலும், அந்தச் சட்டத்தின் கீழேயே வாழ்கின்றனர். தாய்ச்சட்டம் மாறினால் அதன் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவர்கள் அம்மாற்றத்தைக் கவனியாதிருத்தல் தகாது.

மூன்று புதிய சட்டங்கள்

2023 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இந்தியப் பாராளுமன்றம் மூன்று சட்டங்களை நிறைவேற்றியது. தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சங்கிதை. குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்கிதை. 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமம். இவை மூன்றும் 2024 யூலை 1 ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றை நான் நியாயக் கோவை, நடவடிக்கைக் கோவை, சாட்சியச் சட்டம் என்றே இனிச் சுருக்கி அழைப்பேன். தமிழனின் நாக்கில் புரளாத பெயர்களை அவன் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் சட்டங்களுக்குச் சூட்டுவது முறையோ என்று தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் பகிஷ்கரித்துக் கேட்டார்கள். மொழியால் அடிபட்ட நமக்கு அந்தக் கேள்வியின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

இச்சட்டங்கள் நிறைவேறிய கூட்டத்தொடரில் இரு சபைகளையும் சேர்ந்த எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஒரு நாட்டின் குற்றச் சட்டம் முழுவதையும் மாற்றும் வேளையில் மறுத்துப் பேசவேண்டிய ஆசனங்களிற் பல வெறுமையாய்க் கிடந்தன.

அந்நியன் ஆண்ட காலத்துச் சட்டங்களை அகற்றி, தண்டனையை விடுத்து நீதியை நிலைநாட்டவே இவை வந்தன என்று அரசாங்கம் கூறியது. நல்ல நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியதா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அந்நியன் தனக்கு வேண்டியவர்களுக்காகக் கட்டிவைத்த காப்பரண்கள் இடிக்கப்பட்டனவா, அல்லது வெள்ளையடிக்கப்பட்டனவா என்று பார்த்தாற் போதும்.

உத்தியோகத்தர் செய்யும் குற்றங்கள்

நியாயக் கோவையின் 198 ஆம் பிரிவு முதல் உத்தியோகத்தரின் குற்றங்கள் வரிசையாக வருகின்றன. ஒருவருக்குத் தீங்கு செய்யவேண்டும் என்ற எண்ணத்தோடு சட்டத்தை மீறும் உத்தியோகத்தனுக்கு ஓராண்டு வரை சிறை. தீங்கு செய்யும் எண்ணத்தோடு பொய்யான பத்திரம் தயாரிப்பவனுக்கு 201 ஆம் பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை. கமக்காரர் இதனை நன்கு கவனிக்க வேண்டும். காணியின் எல்லையை மாற்றி எழுதிய பேனாவும் ஒரு கத்தியே.

குற்றத்துக்கு ஆளான பெண்ணுக்குச் சிகிச்சை மறுக்கும் வைத்தியசாலைப் பொறுப்பாளர், அது அரசாங்க வைத்தியசாலையாயினும் தனியார் வைத்தியசாலையாயினும், 200 ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை செல்ல நேரிடும். பாலியற் குற்றங்கள் முதலிய சிலவற்றில் முறைப்பாட்டைப் பதிய மறுக்கும் பொலிஸ் உத்தியோகத்தனுக்கு 199 ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டாண்டு வரை கடூழியச் சிறை விதிக்கின்றது. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் இவை புதியவை அல்ல. 199 உம் 200 உம், டில்லியில் 2012 டிசெம்பரில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் மக்கள் வீதிக்கு வந்து போராடியதன் பயனாக, 2013 இல் பழைய கோவையிலேயே சேர்க்கப்பட்டவை. பழைய பிரிவு, புதிய இலக்கம், அவ்வளவே.

புதிதாக வந்த ஒன்றைச் சொல்கின்றேன். சட்டத்துக்கு மாறாக வியாபாரத்தில் ஈடுபடும் உத்தியோகத்தனுக்குச் சிறைக்கும் அபராதத்துக்கும் பதிலாகச் சமுதாய சேவையைத் தண்டனையாக விதிக்க 202 ஆம் பிரிவு இடந்தருகின்றது. இலஞ்சமோ இக்கோவைக்குள் இல்லை; அது 1988 ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் தனியே கிடக்கின்றது.

120 நாட்கள்

தண்டனை எவ்வளவு என்பதன்று, வழக்கு நீதிமன்றத்தின் வாசற்படியைத் தாண்டுமா என்பதே முதற் கேள்வி. 1898 ஆம் ஆண்டு நடவடிக்கைக் கோவையின் 197 ஆம் பிரிவு, அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பதவியினின்று நீக்க முடியாத உத்தியோகத்தர்மீது, கடமையின்போது செய்த குற்றத்துக்காக, அரசாங்கத்தின் அனுமதியின்றி நீதிமன்றம் வழக்கெடுக்கலாகாது என்றது. அன்னியன் தன் அதிகாரிகளைச் சுதேசிகளின் வழக்குகளிலிருந்து காப்பாற்ற வைத்திருந்த கேடயம் அது. சுதந்திர இந்தியா 1973 இல் நடவடிக்கைக் கோவையைப் புதுக்கியபோதும், அதே இலக்கத்தில் அதே கேடயத்தை வைத்துக்கொண்டது. அனுமதி கேட்டு அனுப்பிய கடிதங்கள் செயலகங்களில் ஆண்டுக் கணக்கில் உறங்கின. மறுத்தால் நீதிமன்றத்தில் வினாவலாம். மறுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

புதிய நடவடிக்கைக் கோவையின் 218 ஆம் பிரிவு இங்கே ஒரு நன்மை செய்துள்ளது. அனுமதிக் கோரிக்கை கிடைத்து 120 நாட்களுக்குள் அரசாங்கம் முடிவெடுக்க வேண்டும். தவறினால் அனுமதி கொடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ஊழல் வழக்குகளில் இத்தகைய விதி வேண்டும் என்ற கருத்து 2012 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றிலேயே எழுந்தது. மௌனத்தை மறுப்பாக நடத்திய காலம் போய், மௌனமே சம்மதம் என்ற காலம் இவ்வகை வழக்குகளுக்கு வந்திருக்கின்றது. பாலியற் குற்றங்கள் முதலியவற்றில் இவ்வனுமதியே வேண்டியதில்லை என்ற 2013 ஆம் ஆண்டு விதியும் தொடர்கின்றது. இதனை நான் மனமாரப் பாராட்டுகின்றேன்.

ஒரு கை திறந்தது, மறு கை பூட்டியது

ஆனால், தோழர்களே, பாராட்டி முடிப்பதற்குள் அதே கோவையின் 175 ஆம் பிரிவின் 4 ஆம் உட்பிரிவையும், 223 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவையும் படித்துப் பாருங்கள். பழைய கோவையில் இல்லாத இரு பூட்டுகள் அங்கே தொங்குகின்றன.

பாதிக்கப்பட்ட ஒருவன் பொலிசாரால் விரட்டப்பட்டு நேரே நீதவானிடம் சென்று உத்தியோகத்தன்மீது முறையிட்டால், நீதவான் விசாரணைக்குக் கட்டளையிடுமுன் அவ்வுத்தியோகத்தனின் மேலதிகாரியிடமிருந்து அறிக்கை பெறவேண்டும். உத்தியோகத்தன் கூறும் விளக்கத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். தனி முறைப்பாட்டை வழக்காக ஏற்பதற்கும் அப்படியே. இதில் மூன்று குறைகள் உள.

முதலாவது, பழைய கேடயம் உயர் உத்தியோகத்தருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. புதிய பூட்டோ, உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற வேறுபாடின்றி, அரசாங்க ஊழியர் எவருக்கும் காவலாய் நிற்கின்றது. இரண்டாவது, அனுமதிக்கு 120 நாள் எல்லை வகுத்தவர்கள், மேலதிகாரியின் அறிக்கைக்குச் சட்டத்தின் வாசகத்தில் எந்த எல்லையும் வகுக்கவில்லை. மூன்றாவது, கீழதிகாரி செய்த குற்றம் மேலதிகாரியின் கட்டளைப்படியே நிகழ்ந்திருந்தால், அந்த அறிக்கையை எழுதுபவன் யார்? கள்ளனின் கணக்கைக் கூட்டாளியே சரிபார்க்க வேண்டுமா?

நேர்மையான உத்தியோகத்தனைப் பொய் வழக்குகளிலிருந்து காக்க வேண்டாமா என்று கேட்பார்கள். காக்கத்தான் வேண்டும். அந்தக் காவலை நீதவானே செய்யலாம். முறைப்பாட்டாளனை ஆணையிட்டு விசாரித்து, ஆதாரமில்லையேல் தள்ளிவிட அவருக்கு அதிகாரம் முன்பே உண்டு.

ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகின்றேன். தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், 2020 யூன் மாதம், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற குற்றச்சாட்டில் பொலிசார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து விசாரணையைக் கையிலெடுத்தது. அந்த நிலையத்திலேயே கடமையாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் விசாரணைக்கு வந்த நீதவானிடம் தாம் கண்டதைக் கூறினார். அந்தக் குடும்பத்துக்கு நாடு முழுவதும் எழுந்த குரல் துணையாயிற்று. குரல் எழாத ஊரில், பெயர் தெரியாத ஏழையொருவன் தனியே நீதவானிடம் சென்றால், மேலதிகாரியின் அறிக்கை வரும்வரை காத்திரு என்றல்லவோ இச்சட்டம் சொல்லும்? அடித்து வதைத்தல் உத்தியோகக் கடமையாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை தீர்ப்பளித்துள்ளன, உண்மை. ஆயினும் எது கடமை, எது கடமையன்று என்ற வாதமே ஆண்டுகளை விழுங்கிவிடும்.

வாக்குமூலத்துக்காக வதைப்பவனுக்கு 120 ஆம் பிரிவில் ஏழாண்டும், கொடுங்காயமாயின் பத்தாண்டும் வரை தண்டனை உண்டு. ஆனால் காவலில் நிகழும் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணைக்குழு 2017 இல் தன் 273 ஆம் அறிக்கையில் பரிந்துரைத்ததே, அதனைப் புதிய கோவை ஏற்கவில்லை. காவலில் இருந்தவனுக்குக் காயம் ஏற்பட்டால் காவலரே காரணம் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என அதே ஆணைக்குழு 1985 இலேயே கூறியதைப் புதிய சாட்சியச் சட்டமும் ஏற்கவில்லை. நாமோ 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கினோம். ஏட்டில் எழுதினாற் போதாது என்பதற்கும் நாமே சாட்சி.

வீட்டு வாசலுக்குள்

இனி இரண்டாவது வேலிக்கு வருகின்றேன். தாய்மார்கள் செவிசாய்க்க வேண்டும். அவர்களைவிட அதிகமாக ஆண்கள் செவிசாய்க்க வேண்டும்.

கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் 85 ஆம் பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை. மணமான ஏழாண்டுக்குள், சீதனக் கொடுமைக்கு ஆளாகி, இயற்கைக்கு மாறான முறையில் ஒரு பெண் இறந்தால் 80 ஆம் பிரிவின் கீழ் ஏழாண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறை. மனைவி உயிரோடிருக்க மறுமணஞ் செய்தால் 82 ஆம் பிரிவில் ஏழாண்டு வரை. முதல் மணத்தை மறைத்துச் செய்தால் பத்தாண்டு வரை. மணப்பேன் என்று மனதில் எண்ணமில்லாமலே வாக்களித்து உறவுகொண்டால் பத்தாண்டு வரை சிறை என 69 ஆம் பிரிவு புதிதாக வந்துள்ளது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய பழைய 497 ஆம் பிரிவை 2018 இல் உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. அக்குற்றம் புதிய கோவையில் இடம்பெறவில்லை.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் சீதனக் கொடுமையால் இறந்ததாக 2022 வரையான அரசாங்கக் கணக்குகளே கூறின. ஆதலால் இப்பிரிவுகள் வேண்டாதவை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் 63 ஆம் பிரிவின் கடைசியில் ஒரு விதிவிலக்கு இருக்கின்றது. பதினெட்டு வயதுக்குக் குறையாத தன் மனைவியுடன் கணவன் கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது என்பது அது. பழைய கோவையில் அந்த வயது பதினைந்தாய் இருந்தது. 2017 இல் உச்ச நீதிமன்றம் அதனைப் பதினெட்டாக வாசித்தது. புதிய கோவை அந்தத் தீர்ப்பை எழுத்தில் ஏற்றியது. வயதைத் திருத்தியவர்கள் விதியைத் தொடவில்லை. அவள் மறுத்தாலும், அழுதாலும், அடித்து இணங்க வைத்தாலும், ஒரே வீட்டில் வாழும் கணவனாயின் அது வல்லுறவன்று.

இவ்விதி எங்கிருந்து வந்தது? நம் அறநூல்களிலிருந்தா? அன்று. 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த மத்தேயு ஹேல் என்ற நீதியரசர், மணத்தின்போது கொடுத்த சம்மதத்தை மனைவி மீளப்பெற முடியாது என்று எழுதிவைத்தார். அந்த எழுத்தே கப்பலேறி நம் கோவைகளுக்குள் வந்தது. அதனைப் பெற்ற இங்கிலாந்தே 1991 இல் அதனைக் கைவிட்டது. 2013 இல் நீதியரசர் வர்மா குழு, இவ்விலக்கை நீக்குக என்று இந்திய அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தது. 2022 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள் இருவேறு தீர்ப்பளித்தனர். 2024 ஒக்ரோபரில் மத்திய அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில் சத்தியக் கடதாசி தாக்கல் செய்து, இதனை வல்லுறவு என்றால் அது மிகக் கடுமையாகும், மனைவிக்கு வேறு சட்டங்கள் உள என்று வாதித்தது. அந்நியன் சட்டத்தை அகற்ற வந்தவர்கள், அந்நியனே தூக்கியெறிந்த பழந்துணியைப் பாரதப் பண்பாடு என்று போர்த்திக்கொண்டது விந்தையன்றோ?

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 1995 இல் நம் கோவை திருத்தப்பட்டபோது, நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்திருக்கும் மனைவிக்கு மட்டுமே இக்குற்றத்திற் பாதுகாப்புத் தரப்பட்டது. இந்தியாவின் 67 ஆம் பிரிவோ, தீர்ப்பின்றிப் பிரிந்து வாழும் மனைவிக்கும் பாதுகாப்புத் தருகின்றது. தண்டனை இரண்டு முதல் ஏழாண்டு. அந்த அளவில் அவர்கள் நம்மைவிட ஓரடி முன்னே நிற்கிறார்கள்.

இரு வேலிகளும் சேருமிடம்

இப்போது இரு வேலிகளும் ஒன்றுசேரும் இடத்துக்கு வருகின்றேன். அது பொலிஸ் நிலையத்தின் வாசல்.

இரவு அடிபட்ட மனைவியொருத்தி விடிந்ததும் நிலையத்துக்குப் போகின்றாள். “இது குடும்பத் தகராறு, வீட்டுக்குப் போ அம்மா” என்று உத்தியோகத்தன் திருப்பி அனுப்புகின்றான். முறைப்பாட்டைப் பதிய மறுத்தவனுக்குச் சிறை என்று 199 ஆம் பிரிவு சொல்கின்றதே என்பீர்கள். அந்தப் பிரிவின் பட்டியலை இலக்கம் இலக்கமாக எண்ணிப் பாருங்கள். வல்லுறவு உண்டு, மானபங்கம் உண்டு, அமில வீச்சு உண்டு, ஆட்கடத்தல் உண்டு. 85 ஆம் பிரிவான கணவனின் கொடுமை இல்லை. 80 ஆம் பிரிவான சீதனச் சாவும் இல்லை. இந்தியப் பெண்கள் மிக அதிகமாக முறையிடும் குற்றம் எதுவோ, அதே குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. மேலும், மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவாகத் தண்டனையுள்ள குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதியோடு பதினான்கு நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 173 ஆம் பிரிவு கூறுவதால், அவள் முறைப்பாடு பதியப்படாமலே இரண்டு வாரம் கிடக்கவும் கூடும். அந்த இரண்டு வாரமும் அவள் எந்த வீட்டில் இருப்பாள்?

திருப்பி அனுப்பிய உத்தியோகத்தன்மீது அவள் நீதவானிடம் முறையிட்டாலோ, முன் சொன்ன பூட்டு அங்கே காத்திருக்கின்றது: மேலதிகாரியின் அறிக்கை. கணவனுக்கு ஒரு விதிவிலக்கு, உத்தியோகத்தனுக்கு ஒரு பூட்டு. நடுவில் நிற்பவள் அவள்.

85 ஆம் பிரிவு தவறாகவும் பயன்படுத்தப்படுகின்றது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. குடும்பத்தார் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்து வழக்கிடுவதை 2024 மே மாதத்திலும் டிசெம்பரிலும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. விசாரியாது கைதுசெய்யலாகாது என்று 2014 இலேயே கட்டளையிட்டது. அக்கட்டளைகள் நியாயமானவையே. கைது செய்வதில் நிதானம் வேண்டும். முறைப்பாட்டைப் பதிவதில் தாமதம் கூடாது. இவை இரண்டும் வேறு வேறு. கள்ள உறுதி முடிக்கிறார்கள் என்பதற்காகக் காணிப் பதிவுக் கந்தோரையே மூடிவிடுவோமா?

நாம் செய்யவேண்டியது

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளோர் அவர்களுக்கு இவற்றைச் சொல்லுங்கள். எந்தப் பொலிஸ் நிலையத்திலும், குற்றம் நடந்த எல்லையைப் பாராது, முறைப்பாடு கொடுக்கலாம் என்று 173 ஆம் பிரிவு கூறுகின்றது. பதிவின் பிரதியை இலவசமாகக் கேட்டுப் பெறுக. மறுத்தால் மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுத்தில் அனுப்புக. அதுவும் பயனளியாவிடின் நீதவானிடம் விண்ணப்பிக்குக. வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு உண்டு.

நமக்கும் இதிற் பாடம் உண்டு. நம் சட்டங்களைத் திருத்த முற்படுவோரிடம் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். உத்தியோகத்தன்மீது வழக்கிட அனுமதியோ அறிக்கையோ வேண்டுமென்றால், அதற்கு நாள் குறித்திருக்கிறீர்களா? குற்றஞ்சாட்டப்பட்டவனின் மேலாளைக் கேளாமலே நீதவான் கதவைத் திறக்க முடியுமா? மணமானவள் என்ற காரணத்தால் ஒரு பெண்ணின் மறுப்புக்கு மதிப்பில்லையா? இம்மூன்றுக்கும் நேரான விடை தராத எந்தத் திருத்தமும், எந்த மொழியில் எந்தப் பெயர் சூட்டப்பட்டாலும், பழைய சட்டமே.

இறுதியாக ஒன்று. உத்தியோகத்தர் பலர் இங்கே இருக்கிறீர்கள். கணவன்மார் அதனினும் பலர் இருக்கிறீர்கள். அரசாங்கத்திடம் உரிமை கேட்டுக் கொடிபிடித்த கையால் வீட்டில் அடிக்கின்றவன், உரிமை என்ற சொல்லின் பொருளை அறியாதவன். கச்சேரி மேசையின் முன்னால் கமக்காரனைக் கால்கடுக்க நிறுத்துகின்றவனும் அவனைப் போன்றவனே. அடக்குமுறையை எதிர்த்து நிற்கும் ஒரு மக்கட்கூட்டம், தன் வேலிகளை முதலிற் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பிறருடைய வேலியைப் பற்றி நாம் பேசும் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.